எட்டுத் திருகாணியும் ஒரு பத்திரக்காரரும்

“இது என்ன எண்டு கேள், பிள்ளை.”

“ஸ்னோபோர்ட்டாம், மாமா.”

“என்னத்துக்காம்?”

“மேலை ஏறி நிண்டு, பனியிலை வழுக்கிக்கொண்டு போறதாம்.”

“சும்மா நடந்தாலே வழுக்குது. அதுக்கு வேற ஒரு பலகையோ எண்டு கேள்.”

இந்தக் கடைசிக் கேள்வியை, மாமா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகிற எமிலியா, டேனிஷில் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்கு இப்படி ஓர் உரிமை உண்டு. அந்த வீட்டில் இரண்டு பாஷையும் அறிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், அந்த உரிமையை அவள் அடிக்கடி, சத்தமில்லாமல், எடுத்துக்கொள்வாள்.

1986 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொய் அடுக்குமாடியில் மூன்றாம் தட்டு. சிவப்புப் பலகையொன்றை அணைத்தபடி வாசலில் நின்றவர் யோர்கன். எமிலியாவின் மாமா பஸ்தியாம்பிள்ளை வேலை செய்த ஊறுகாய்த் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். ஊறுகாய் என்றதும் நாவூற விடாதீர்கள். பீற்றூட்டையும் வெள்ளரிக்காயையும் சீனி போட்ட வினாகிரியில் அமிழ்த்தி அடைப்பதற்கு இந்த நாட்டில் அந்தப் பெயர். மாமாவுக்குப் போத்தல் கழுவும் பகுதி. காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை றப்பர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நிற்பார்.

பலகையை யோர்கனின் அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்தாள். டென்மார்க்கில் மலை கிடையாது, நாடே தோசைக்கல். ஆகவே பெப்ரவரியில் நோர்வேக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வழுக்கிவிட்டு வருவார். மீதி வருஷம் முழுக்க அதை எங்கே வைப்பது? அவர் புதிதாய்க் குடிபோன கோப்பன்ஹேகன் வீட்டு நிலவறையில் தண்ணீர் கசிந்தது. இதை அவர் மதிய இடைவேளையில் சொல்லி அலுத்துக்கொண்டபோதுதான் பஸ்தியாம்பிள்ளை, தனக்குத் தெரிந்த அறுபது டேனிஷ் சொற்களில் இருபதைச் செலவழித்து, தன் வீட்டில் வைத்த சாமான் ஒருநாளும் பழுதானதில்லை என்று சொல்லியிருந்தார்.

அது பொய்யில்லை. ஏன் பொய்யில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

யோர்கன் விரல்களை மடித்து மடித்துச் சொன்னார். எமிலியா ஒவ்வொன்றாய்த் தமிழாக்கினாள். பலகையைத் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். அடிப்பக்கத்தில் மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கித் தடிப்பாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட வேண்டும். காலைப் பிணைக்கிற பூட்டு இரண்டையும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவை மாதக்கணக்காய்ப் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு சூடும் ஈரமும் இல்லாத இடத்தில், மேலே பாரம் ஏற்றாமல், சமமாகக் கிடத்த வேண்டும்.

“பூட்டைக் கழட்டினால் வாற எட்டு ஸ்குறூ ஆணியையும் ஒரு சின்னப் பையிலை போட்டு, அந்தப் பூட்டிலையே கட்டி விடட்டாம், மாமா. அமெரிக்க அளவாம். இஞ்சத்தைக் கடையிலை எடுக்க ஏலாதாம்.”

மாமாவின் முகம் சுருங்கியது. “பூட்டிலையே கட்டுறதோ? கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்பைக் கதவிலையே தொங்க விடுற கதையெல்லோ! பாவம், வெள்ளைமனம். சரி, ஓம் எண்டு சொல்லு.”

எமிலியா ஓம் என்பதை மட்டும் சொன்னாள்.

யோர்கன் திரும்பும்போது, மழைக்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, மிகச் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். தொழிற்சாலைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் வருகிற ஜனவரி முடிவில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஓர் ஆள் தேவை. “இந்தப் பலகையைக் குறையில்லாமல் திருப்பித் தருகிற ஆளிடம் என் களஞ்சியத்தையும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.”

இதை எமிலியா ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். களஞ்சியம்! காய்ந்த தரை. உட்கார ஒரு கதிரை. காலடியில் சூடு. மாமா குனிந்து, நற்செய்தி சொல்லப்போகிறவர்போலத் தன் பாதங்களைப் பார்த்தார்.

“சொல்லு பிள்ளை,” என்றார். “பத்திரமா இருக்கும் எண்டு சொல்லு.”

ஆளை அடையாளம் கண்டீர்களா? இவர்தான் பத்திரக்காரர்.

பொருளைத் தொலைக்கிறவர்களோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் எளிய மனிதர்கள். துலைச்சுப்போட்டன் என்று தலையில் கைவைத்துவிட்டுப் புதிது வாங்கிவிடுவார்கள். பத்திரக்காரர் வாழ்நாளில் எதையும் தொலைத்ததில்லை. எல்லாம் அவரிடம் இருக்கிறது. பொலித்தீன் பையில் சுற்றி, அதைப் பழைய சாரத் துணியில் முடிந்து, அதைத் தகரத்தில் போட்டு, தகரத்தைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, பெட்டித் திறப்பை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டி, அவர் வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்பது உங்கள் பண்பாட்டுக் குறைவு.

கேட்டுத்தான் பாருங்களேன். “இருக்கு, இருக்கு. எங்கை போகப்போகுது?” என்பார். ஒரு மணித்தியாலம் கழித்துக் கேட்டால், “பொறு, அவசரப்படுத்தாதை.” அதற்குப் பிறகு கேட்டால், “ஆர் இதிலை கை வைச்சது?” இந்த மூன்றாவது கட்டத்தில் வீட்டில் யார் எதிர்ப்பட்டாலும் அவரே குற்றவாளி.

ஒரே பெட்டியோடு நாடு விட்டு வந்தவர், அதனால்தான் இப்படி என்று இரங்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். மன்னாரிலும் மனிதர் இப்படித்தான். கோவிலில் கொடுத்த கலியாணப் பத்திரத்தை அன்றைக்கே பத்திரப்படுத்தி, பதினொரு வருஷம் சாட்சியில்லாமலே குடும்பம் நடத்தினார். “நான் விட்டிட்டுப் போனாலும் ஒருத்தரும் கேக்க ஏலாது, கடுதாசி இல்லை,” என்று மாமி விக்ரோரியா ஒரு தரம் சொன்னாள். “இருக்கு, இருக்கு,” என்றார் மாமா.

வைத்த இடம் மறப்பது ஒரு பாதி. மறுபாதி அவருடைய கண்டுபிடிப்பு. சமையலறைத் தட்டில் இருந்த தகரங்கள் எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில் ஒட்டுத்தாள் உண்டு. சப்பாத்து மை என்று எழுதிய தகரத்தில் மிளகாய் இருக்கும். சீனி என்ற தகரத்தில் ஊசியும் நூலும். கோப்பித்தூள் என்பதில் எல்லாருடைய வதிவிட அட்டையும். எமிலியா வந்த புதிதில் காரணம் கேட்டிருக்கிறாள்.

“உள்ளுக்கு இருக்கிறதை வெளியிலை எழுதினால் கள்ளனுக்கு வழி காட்டினமாதிரி, பிள்ளை.”

“இஷொயிலை தமிழ் வாசிக்கிற கள்ளன் ஆர், மாமா?”

“அதுதான் சொல்லுறன். எங்கடை ஆக்கள்தானே வாசிப்பினம்!”

இப்படிப்பட்ட வீட்டில் அதிகம் வேலை வாங்கப்பட்டவர் அந்தோனியார்தான். காணாமற் போனதைக் கண்டெடுத்துத் தருகிற புனிதர் அவர். தொலைக்காட்சிக்கு மேலேயுள்ள தட்டில் முழ உயரச் சுருபமாய் நின்றார். முதல் நாள் மாமி அவருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். பொருள் வராவிட்டால் மெழுகுதிரியை அணைப்பாள். அதற்கும் அவர் அசையாவிட்டால், கடைசி நடவடிக்கையாக, அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். பொருள் கிடைக்கும்வரை குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியபடி அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். “மனுசனை ஒண்டும் சொல்ல ஏலாது,” என்பாள் மாமி. “ஆரையாவது சொல்லத்தானே வேணும்.”

இந்த வீட்டுக்குத்தான் பலகை வந்தது.

பத்திரக்காரருக்கு நாலு விதி போதுமா? நாற்பது வேண்டும். யோர்கன் கொடுத்துவிட்டுப் போன மெழுகுக் கட்டி மாமாவின் கண்ணுக்குச் சிறிதாய்ப் பட்டது. உயிர்த்த ஞாயிறு பூசையில் மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளைக் கோவிலில் கேட்டு வாங்கிவந்து அதோடு சேர்த்தார். “மந்திரிச்ச மெழுகு. கறள் கிட்டவும் வராது.” மரத்துக்கு ஏது துரு என்று எமிலியா கேட்கவில்லை. மாமியின் இஸ்திரிப்பெட்டியால் உருக்கி உருக்கி, ஒரு பின்னேரம் முழுக்க, தோசைக்கு எண்ணெய் விடுகிற கவனத்தோடு பூசினார். அடுத்த ஞாயிறு அதே பெட்டியால் தேய்த்த மாமியின் நீலச் சேலையில் மூன்று மெழுகுப் பட்டைகள் பதிந்தன. வாசனையோடு.

நிலவறை அவருக்கு ஈரம். அலுமாரியின் மேற்பகுதி சூடு. கடைசியில் தன் கட்டிலுக்குக் கீழே, நாலு தலையணையின் மேல், வெள்ளை வேட்டியால் போர்த்திக் கிடத்தினார். அந்த நாலில் இரண்டு மாமியுடையவை. மாமி சாரத்தை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். யூலையில் நாலு நாள் வெயில் எறித்தபோது, பலகைக்குச் சூடு ஆகாதென்று படுக்கையறைத் திரைச்சீலை மூடப்பட்டது. மாமிக்குப் புழுங்குகிறது என்பது இரண்டாம்பட்சம்.

புரொண்பியிலிருந்து வந்த தவராஜா ஒருநாள் குனிந்து பார்த்தான். மாமாவின் ஊரவன், வாய் சும்மா இராது.

“அண்ணை, இதென்ன, சவப்பெட்டி மூடியோ?”

“கையைத் துடைச்சிட்டுத் தொடு, தம்பி.”

“அப்ப பெட்டி எங்கை? அதையும் பத்திரமா வைச்சிட்டியளோ?”

மாமா வேட்டியை இழுத்துப் பலகையை மூடினார். களஞ்சியத்துக் கதிரையில் இருக்கப்போகிறவர் போத்தல் கழுவுகிறவனோடு வாய் கொடுப்பாரா? தவராஜாவும் அதே தொழிற்சாலையில், அதே தண்ணீரில்தான் நின்றான்.

சரி, எட்டுத் திருகாணி? அவற்றைப் பூட்டிலேயே கட்டித் தொங்கவிட மாமா என்ன, வெள்ளைமனமா? துணியில் முடிந்து, தகரத்தில் போட்டு, தட்டில் ஏற்றினார். தகரத்தின் மேல் செத்தல் மிளகாய் என்று எழுதினார்.

இனி ஒக்ரோபர். மாமாவும் மாமியும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பள்ளியால் பசியோடு வந்த எமிலியா அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, அந்த வீட்டில் யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். எழுதியிருந்ததை நம்பினாள். தகரத்தைத் திறந்து சட்டிக்கு மேலே கவிழ்த்தாள். முடிச்சு அவிழ்ந்து ஒரு திருகாணி கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்தது. ஏழு தப்பின.

எட்டாவதை அகப்பையால் எடுத்துக் கழுவித் துடைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. இதுவும் ஒரு வைக்கிற இடமா? நாளைக்கு மாமி வந்து இதைத் தாளித்துவிட்டால்? மாமாவின் வேலை என்ன ஆகும்? அந்த வீட்டில் சாதாரண புத்தியுள்ள ஆள் தான் ஒருத்திதான் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். எட்டையும் தன் கைக்குட்டையில் இறுக்கி முடிந்தாள். சாதாரண நாளில் யாரும் கைவைக்காத, தூசு தட்டவும் அசைக்காத ஓர் இடத்தைத் தேர்ந்து வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் அதிகம் கதைக்கிற பெண் இல்லை. அடுத்த கிழமை பரீட்சை வந்தது, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வந்தது.

ஜனவரியில் பனி கொட்டியது. கார்கள் புதைந்தன, பஸ் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு யோர்கன் தொலைபேசியில் எமிலியாவிடம் பேசினார். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறாராம். பூட்டுகளையும் அங்கேயே வைத்துப் பூட்டிப் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை களஞ்சியத்துக்கு ஆள் போட வேண்டுமாம்.

“வரட்டும்,” என்றார் மாமா. “பயமே எங்களுக்கு?”

பலகை வெளியே வந்தது. கண்ணாடிபோல மின்னியது. பூட்டு இரண்டும் வந்தன, தோல் பட்டைகளுக்கு நல்லெண்ணெய் பூசப்பட்டு. மாமா சமையலறைக்குள் நடந்துபோய், ஒரு நிமிஷமும் யோசிக்காமல், செத்தல் மிளகாய்த் தகரத்தைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையில் வைத்த இடம் ஞாபகம் இருந்த ஒரே நாள் அதுதான்.

உள்ளே செத்தல் மிளகாய்.

“ஆர் இதுக்குள்ளை மிளகாயைப் போட்டது?”

“நான்தான்,” என்றாள் மாமி. “வெறுந்தகரமாக் கிடந்துது. செத்தல் மிளகாய் எண்டு எழுதியிருந்துது. போட்டன்.”

“எழுதியிருந்தால் போடுறதோ!”

“பின்னை, எழுதியிருந்தால் என்ன செய்யிறது?”

“அப்ப ஸ்குறூ ஆணி எங்கை? அது இல்லையெண்டால் என்ரை காலமெல்லாம் தண்ணிக்குள்ளை எல்லோ!”

எமிலியா கதவோடு நின்றாள். “மாமா,” என்றாள். “நான் எடுத்தனான்.”

மாமா திரும்பினார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, ஒரு நிம்மதி. “அப்பாடா. எங்கை பிள்ளை, கொண்டா.”

“பத்திரமா வைச்சிருக்கிறன்.”

“ஓம், எங்கை?”

எமிலியாவுக்கு அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்தது, முடிந்த முடிச்சு ஞாபகம் வந்தது, தன்னை மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. இடம் வரவில்லை.

“எங்கை, பிள்ளை?”

“இருக்கு, மாமா,” என்றாள். “பொறுங்கோ. அவசரப்படுத்தாதேங்கோ.”

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்தது யாருடைய வசனம் என்று உணர்ந்து அவள் உதட்டைக் கடித்தாள். மாமாவோ, நெடுங்காலமாய்க் காணாத சொந்தக்காரியைக் கண்டவர்போல அவளை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தேடினார்கள். எப்படித் தேடினார்கள் என்று கேளுங்கள். கட்டில் நிமிர்ந்தது, மெத்தை கவிழ்ந்தது, தகரங்கள் எல்லாம் திறந்தன, சீனியில் ஊசி குத்தியது, கோப்பித்தூளிலிருந்து வதிவிட அட்டைகள் வந்தன, எமிலியாவின் இடக்கைக் கையுறை வந்தது, மாமியின் கறுப்புக் கண்ணாடி அரிசிக்குள்ளிருந்து வந்தது, பெட்டித் திறப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது, ஒரு செபப்புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து கலியாணப் பத்திரம்கூட வந்தது. “பாத்தியோ,” என்றார் மாமா, அந்த நிலைமையிலும். “இருக்கு எண்டு சொன்னனான்.” மாமி அதை வாங்கிப் பார்த்தாள். “இனிப் போகவும் ஏலாது,” என்றாள்.

திருகாணி மட்டும் வரவில்லை.

ஆறரைக்கு மாமா தரையில் குந்திவிட்டார். காலுறையைக் கழற்றினார். வினாகிரித் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. அவர் அதைக் காட்டவில்லை, சும்மா தடவிக்கொண்டிருந்தார். “பரவாயில்லை, பிள்ளை,” என்றார். “நீயும் நல்லதுக்குத்தானே வைச்சாய்.” ஏசியிருந்தால் எமிலியாவுக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

மாமிக்குத் தாங்கவில்லை. மெழுகுதிரி ஏற்கெனவே கொளுத்தியாயிற்று. அதை ஊதி அணைத்தாள். ஒரு நிமிஷம் தவணை கொடுத்தாள். பிறகு அந்தோனியாரை இரண்டு கையாலும் பிடித்தாள். “எத்தினை மெழுகுதிரி! எத்தினை செபம்! ஒரு ஏழையின்ரை எட்டு ஆணியை எடுத்துத் தர ஏலாதோ உமக்கு? நில்லும், சுவரைப் பாத்துக்கொண்டு நில்லும்!” என்று அவரை ஒரே திருப்பாய்த் திருப்பினாள்.

அந்தோனியாரின் வயிற்றுக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது.

மாமி மெதுவாக அவரை மறுபடி முன்னுக்குத் திருப்பினாள். கலகல. எமிலியாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சுருபத்தின் அடியில் இருந்த ஓட்டை, அதைக் கடுதாசியால் அடைத்தது, முடிச்சை உள்ளே தள்ளும்போது அது நெகிழ்ந்தது, ஏதாவது தொலையாதவரை இவரை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தது. காணாமற் போனதைக் கண்டெடுப்பவருக்குள்ளேயே அதை ஒளித்துவைத்துவிட்டு அவரிடமே கேட்டால், மனிதர் என்ன செய்வார்?

மறுநாள் யோர்கன் பத்து மணிக்கு வந்தார். எட்டுத் திருகாணியும் ஏறின. ஒன்றில் மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. பலகையின் அடியை முகர்ந்துவிட்டு, “நத்தார் வாசம் வருகிறதே,” என்றார். இவ்வளவு கவனமாக ஒரு பலகையை யாரும் வைத்ததை அவர் பார்த்ததில்லையாம். பிறகு ஒரு கேள்வி. “களஞ்சியத்தில் நான் ஒரு சாமானைக் கேட்டால் எவ்வளவு நேரத்தில் எடுத்துத் தருவார் என்று கேள்.”

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். “சொல்லு பிள்ளை. இருக்கும். எங்கை போகப்போகுது எண்டு சொல்லு.”

எமிலியா மொழிபெயர்த்தாள்: “ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பதையே வெளியே எழுதி வைப்பாராம். டேனிஷில். எழுதிக் கொடுப்பது நான்.”

மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த உரிமையும் உண்டு. மாமாவுக்கு வேலை கிடைத்தது.

நீங்கள் சிரித்தது போதும். உங்கள் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது? இருக்கு, இருக்கு என்கிறீர்கள். சரி. வீட்டுக் காப்புறுதிக் கடுதாசி? போன குளிர்காலம் முடிந்ததும் இனித் தேவைப்படும்போது கையோடு எடுக்கலாம் என்று நீங்கள் ஒன்றைத் தனியாக எடுத்து, மற்றவர்களைப்போல் அல்லாமல் புத்தியாக, ஓர் இடத்தில் வைத்தீர்களே, அது? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எமிலியாவும் தான் அந்த இனமில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

புது வேலையின் முதல் நாள் பின்னேரம் மாமா காய்ந்த காலோடு வீட்டுக்கு வந்தார். களஞ்சியத்தின் மாற்றுத் திறப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் வீட்டைச் சுற்றினார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், தகரங்களின் முன்னால் நின்றார், அந்தோனியாரை நிமிர்ந்து பார்த்தார். அந்தோனியாரும் அவரைப் பார்த்தார். கடைசியில், மேசையில் எழுதிக்கொண்டிருந்த எமிலியாவிடம் வந்து, திறப்பை அவள் கொப்பியின் மேல் வைத்தார்.

“பிள்ளை, இதை நீ எங்கையாவது வை,” என்றார். “பத்திரமா மட்டும் வைச்சிடாதை.”